மூன்றாவது நூல்

முதல் நூலை இழுத்ததும் முன் பாய்மரம் சொன்ன பேச்சு கேட்டு எழுந்து நின்றது.

கடிகாரக்காரர் மூச்சை விட்டார்.

சாப்பாட்டு மேசையில் பாட்டில் படுத்திருந்தது. உள்ளே நீலச் சாயம் பிசைந்த களிமண் கடல். அதன்மேல் மூன்று பாய்மரங்களையும் மடக்கிப் படுக்கவைத்த கப்பல். மரத்துக்கு ஒன்றாக மூன்று நூல்கள் பாட்டிலின் வாய் வழியே வெளியே வந்திருந்தன. இழுத்தால் மரம் நிமிரும். அவ்வளவுதான் வித்தை.

மனைவி பாட்டிலை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

மாமியாருக்கு இந்த விளையாட்டே ஆகாது. குடிக்காத மாப்பிள்ளை வீட்டில் இத்தனை காலி பாட்டில் கிடந்தால் தெருவில் எவன் நம்புவான் என்பது அவர் கட்சி. முப்பது வருடம் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தவர். ஊசிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார், நாக்குக்கு இன்னும் கொடுக்கவில்லை. ஆனால் இந்த வீட்டில் யார் சட்டையிலும் பொத்தான் அறுந்து விழுந்ததாகச் சரித்திரம் கிடையாது.

கடிகாரக்காரரின் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. கடை முதலாளிக்கு. வலது கை மூன்று மாதமாக நடுங்குகிறது, இனி கடிகாரம் பழுதுபார்க்க முடியாது என்று நான்கே வரி.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் வேறு பேச்சு வந்துவிடுகிறது. டம்ளரை இடக்கையால் பிடித்தே காலத்தை ஓட்டிவிட்டார். சரி, கப்பலே சொல்லட்டும் என்று முடிவு செய்திருந்தார். இதுவரை செய்த இருபத்திரண்டு கப்பல்களில் ஒரு மரம்கூட விழுந்து கிடந்ததில்லை. இன்று ஒன்று கிடந்தால் மனைவி ஏன் என்று கேட்பாள். கேட்டால் கடிதத்தை நீட்டிவிடலாம்.

இரண்டாவது நூல். நடுமரமும் நின்றது.

மூன்றாவது நூலை விரலில் சுற்றினார். விரல் ஆடியது. இழுக்கிற சாக்கில் அதை மறைத்தார்.

நூல் கையோடு வந்துவிடவில்லை. இறுகியது. பின்மரம் மெல்ல நிமிர்ந்து மற்ற இரண்டோடும் வரிசையில் சேர்ந்துகொண்டது.

"பாத்தியாம்மா, ஒரு மயிரிழைகூடச் சாயல," என்று மனைவி சிரித்தாள்.

கடிகாரக்காரர் சிரிக்கவில்லை. தொழில் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு பாட்டிலோடு முகத்தை ஒட்டினார்.

பின்மரத்தின் உச்சியில் நூல் மூன்று சுற்றுச் சுற்றி, அடியில் ஒரு முடிச்சில் முடிந்திருந்தது. அவர் போடுகிற முடிச்சு இல்லை. குனிந்து தன் சட்டைப் பொத்தானின் அடியைப் பார்த்தார். அதே மூன்று சுற்று.

நேற்றுப் பிற்பகல் அந்த உச்சியில் முடிச்சுப் போட அவர் பதினோரு முறை முயன்றிருந்தார். ஒருமுறைகூட விழவில்லை. கடைசியில் நூலைச் சும்மா மரத்தோடு சாய்த்துவைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். இன்று காலை அந்த உச்சியைப் பார்க்கவே மனமில்லாமல் கப்பலை அப்படியே உள்ளே தள்ளினார்.

லென்ஸைக் கழற்றாமல் எதிரே பார்த்தார். மாமியார் பட்டாணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தொங்குற நூலைப் பாத்தா என் கை ஒரு இடத்துல நிக்காது மாப்பிள்ளை," என்றார். இன்னொரு காயை உரித்துப் போட்டுவிட்டுக் கேட்டார்: "உங்க கை நிக்காம எத்தன நாளாச்சு?"

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார், வலக்கையாலேயே.