முன்சீட்டு யாருக்கு

சால்ட் லேக் சிட்டியின் வாடகை வண்டிக் கடை வாசலில், காலை வெயில் அந்தப் பெரிய வெள்ளை எஸ்யூவியின் மேல் வழுக்கி எங்கள் கூடாரப் பைகளில் விழுகிறது. எனக்கும் லோர்னாவுக்கும் கல்யாணமான பின் வரும் முதல் கோடை இது. லோர்னா வண்டியைச் சுற்றிவந்து பழைய கீறல்களைச் செல்போனில் படமெடுக்கிறாள். அவளுடைய இரட்டைப் பயல்கள் ஐஸ்பெட்டிமேல் ஏறிக் குதிக்கிறார்கள். என் மகள் டெஸ்ஸா மட்டும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூணோரம் நிற்கிறாள். லோர்னாவிடம் அவள் இன்னும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

“யாரு ஓட்டப் போறது?” என்று என்னைக் கேட்கிறாள்.

“லோர்னாதான். மலைப்பாதைல நான் ஓட்டினா எல்லாரும் வாந்தி எடுப்பீங்க.”

எங்கள் ஊரில் முதலில் கத்துபவருக்குத்தான் முன்சீட்டு. பெற்ற அப்பனானாலும் மறுபேச்சு கிடையாது. கதவுப் பூட்டு திறக்கும் சத்தம் கேட்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் டெஸ்ஸா கத்திவிடுகிறாள்: “முன்சீட்டு எனக்கு!”

லோர்னாவின் கையில் சாவி அப்படியே நிற்கிறது.

“நீ கடைசிக்குப் போப்பா. கூடாரத்த மடில வச்சுக்கோ,” என்கிறாள் டெஸ்ஸா என்னிடம்.

மூன்றாம் வரிசையில் என் முழங்கால் மோவாயை இடிக்கிறது. முன்னால் டெஸ்ஸா காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, தன் பாட்டை வண்டி முழுக்க ஒலிக்கவிடுகிறாள். லோர்னா ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போடுகிறாள். சகிக்க முடியாத பாட்டு.

“இன்னும் கொஞ்சம் சத்தமா வைம்மா,” என்கிறேன்.