இது என்ன வருஷம்?

சிரிக்கக் கூடாது. இன்றைக்கு மட்டும் சிரித்துவிடவே கூடாது என்று நூருன்னிசா முக்காட்டு நுனியைப் பல்லுக்கு நடுவே கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எதிரே பைத்தியக்கார ஆஸ்பத்திரி டாக்டர் துரை. சீமையிலிருந்து வந்து இறங்கி மூன்றே வாரம். வெயிலில் சிவந்த மூக்கில் தோல் உரிந்துகொண்டிருந்தது.

அந்த மூக்கைப் பார்க்காமல் இருக்க அவள் படாத பாடு பட்டாள்.

கோர்ட்டில் மனுப் போட்டவர் கொழுந்தன் யாக்கூப். அண்ணன் மவுத்தாகி, விதவை வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிந்த மறுநாளே சிராங்கூன் ரோட்டுக் கைலிக் கடையை இவளே திறந்து உட்கார்ந்துவிட்டாள். அது போதாதென்று தனியாகச் சிரிக்கிறாள். ஆகவே சித்தம் கலங்கியவள், கடையை என் பொறுப்பில் விட வேண்டும் என்பது மனு. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்றுவிட்டார் நீதிபதி.

சிரித்தது உண்மைதான். யாக்கூப் கைலி மடிக்கிற அழகைப் பார்த்தால் அந்தக் கைலியே சிரிக்கும்.

டாக்டர் ஆமாம் என்று எழுதினால் கடை யாக்கூப்புக்கு. அவளுக்கு ஆஸ்பத்திரிக் கம்பிக் கதவு. பயம் வந்தால் அவளுக்குச் சிரிப்பும் கூடவே வரும், அதுதான் வம்பு.

டாக்டர் இங்கிலீஷில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் பரமசிவம் தமிழில் கேட்டார்.

"இது என்ன வருஷம்மா?"

தமிழில் கேட்டால் அவள் வீட்டில் ஹிஜ்ரி கணக்குதான். பட்டென்று சொன்னாள்: "ஆயிரத்து முந்நூத்தி இருபத்தஞ்சு."

பரமசிவம் அதை அப்படியே சொல்ல, டாக்டரின் பேனா நின்றது. ஏறக்குறைய அறுநூறு வருஷத்துக்கு முந்தி வாழ்கிற பெண்ணை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த யாக்கூப்புக்கு வாயெல்லாம் பல்.

பரமசிவம் நல்ல மனுஷர். கை கொடுக்கப் பார்த்தார். அந்த அம்மா கணக்குப்படி அது சரிதான், எங்கள் பஞ்சாங்கப்படி இது பிலவங்க வருஷம் என்று டாக்டருக்கு விளக்கினார். நம்பர் என்ன என்றார் டாக்டர். நம்பர் கிடையாது, பெயர் மட்டும்தான்; அறுபது வருஷம் கழித்து இதே வருஷம் திரும்ப வரும் என்றார் பரமசிவம்.

டாக்டர் தம் நாற்காலியை அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

முக்காடு நூருன்னிசாவின் வாய்க்குள் இன்னும் கொஞ்சம் போனது.

அந்த நேரம் பார்த்துச் சீனர் ஒருவர் தேநீர் கொண்டுவந்தார். இந்த ஆளாவது ஒழுங்காகச் சொல்வார் என்று, கப்பலில் கற்ற அரைகுறை மலாயில் டாக்டர் கேட்டுவைத்தார். சீனர் கோப்பையை வைத்துவிட்டு, தங்கள் ராஜா பட்டத்துக்கு வந்த கணக்கில் மரியாதையாகச் சொன்னார்.

"தீகா பூலோ தீகா, துவான்."

முப்பத்து மூன்று.

டாக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவர் பக்கம் அவர் ஒருவர்தான்.

அப்புறம் தாளை இழுத்து விறுவிறுவென்று எழுத ஆரம்பித்தார். ஒரு வரி. இரண்டு. ஐந்து. ஒருத்தியைப் பூட்டிவைக்க ஐந்து வரி தாராளம் என்று அவளுக்குத் தெரியும். சிரிப்பெல்லாம் வற்றிப்போனது. இடுப்பில் செருகியிருந்த கடைச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே தேதியும் போட்டார்.

இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது. எண் தெரியும். நேற்றுக் காலையில்தான் கடையில் பழைய காலண்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியிருந்தாள்.

தலைகீழாகத் தெரிந்த அந்த எண்களைப் பார்த்தாள். அவ்வளவுதான், முக்காடு ஒரு பக்கம் போக, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் தளும்பத் தளும்பச் சிரித்தாள்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று ஜன்னலில் குதித்தார் யாக்கூப்.

ஏன் சிரிக்கிறாய் என்று டாக்டர் கேட்டார். பரமசிவம் அதைத் தமிழில் சொல்வதற்கு முன்பே அவள் எழுந்து, தாளில் விரலை வைத்துவிட்டாள்.

"தொரை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்தி ஏழு முந்தாநாளே முடிஞ்சு போச்சுலா!"

பரமசிவம் மொழிபெயர்த்தார். டாக்டர் தாளைப் பார்த்தார். காது மடல் மூக்கைவிடச் சிவந்தது. பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கத் தொடங்கினார். பரமசிவமும் சேர்ந்துகொண்டார். சீனருக்கு விஷயம் ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார். சிரிக்காத ஒரே ஆள் யாக்கூப்தான்.

டாக்டர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளில் ஒரே வரி எழுதினார்.

"புத்தி நல்லாத் தெளிவா இருக்குன்னு எழுதியிருக்காரும்மா" என்றார் பரமசிவம்.

கீழே தேதியை நிறுத்தி நிதானமாக எழுதினார் டாக்டர். எழுதிவிட்டுத் தாளை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

அவள் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.