கறுப்புத் தொப்பிக்காரன்

டிவியைச் சுவரில் மாட்டி முடித்து இறங்கியபோதுதான் இவர் கவனித்தார்.

அண்ணன் நாற்காலியை ஜன்னல் பக்கம் பார்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, இந்தப் பக்கம்.”

கஸ்பார் திரும்பினார். அப்போதும் முகம் டிவிக்கு ஒரு முழம் தள்ளியே நின்றது.

அடுப்படி வாசலில் நின்ற மதினி சத்தம் போடாமல் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். பிறகு கையை விரித்தார்.

சர்க்கரை. கண் மங்கலாகிவிட்டது என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தார்தான். இந்த வயதில் யாருக்குத்தான் மங்கல் இல்லை என்று இவர் விட்டுவிட்டார். நாலு வருஷமாகத் தூத்துக்குடிப் பக்கம் எட்டிப் பார்க்காத தம்பிக்கு, மங்கல் என்றால் எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

நாற்பத்து மூன்று அங்குலம். சென்னையிலிருந்து ரயிலில் பச்சைப் பிள்ளையைப் போலப் பொத்திக் கொண்டுவந்தார்.

அதில் குதிரைகள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தன.

எல்லாம் இந்தக் குதிரைகளுக்காகத்தான்.

எண்பத்து மூன்றில் ஊரே கொழும்பைப் பார்த்து ஆன்டெனா வைத்திருந்தது. கப்பலுக்குப் போன பெரியப்பா கொண்டுவந்த கறுப்பு வெள்ளைப் பெட்டி வீட்டில் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலமானால் இலங்கையின் ரூபவாஹினி சேனலில் அந்தக் கௌபாய் தொடர்.

கடற்காற்றுக்கு அது பிடிக்காது. ஆன்டெனாவைத் திருப்பிவிடும். குதிரைகள் புள்ளி புள்ளியாகக் கரைந்துபோகும். யாராவது மொட்டைமாடியில் நின்று இரும்புக் குழாயைப் பிடித்தாக வேண்டும்.

யாராவது என்ன யாராவது. கஸ்பார்தான்.

துறைமுகத்தில் பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு வந்து குழாயைப் பிடிப்பார். இரண்டு வருஷம்.

கீழே இவர், பெட்டிக்கு முன்னால், முதல் வரிசையில்.

ஷெரீப்பாக நடித்த அந்த நரைமீசைக்காரர்மேல் இவருக்கு அப்படியொரு பைத்தியம். துப்பாக்கியை எடுக்க அவர் அவசரப்பட்டதே இல்லை. முதலில் தொப்பியைச் சரிசெய்வார். அதற்குள் எதிரிக்கு வியர்த்துவிடும். கறுப்புத் தொப்பிக்காரன் ஒருவன் உண்டு. ஒற்றைப் பக்கமாகச் சிரித்துவிட்டு, வாரம் தவறாமல் குதிரையேறித் தப்பிவிடுவான். அவனைக் கொன்றுவிடக் கூடாது என்று பனிமய மாதாவிடமே வேண்டிக்கொண்டிருக்கிறார்.

முடிந்ததும் மாடிக்கு ஓடுவார். மூச்சு வாங்க வாங்கக் கதை சொல்வார். கஸ்பார் கையிலிருந்த துருவைத் தட்டிக்கொண்டே கேட்பார்.

ஒரு வியாழக்கிழமை கஸ்பார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இன்னைக்கு ஒரு நா நீ பிடிக்கியால? அந்தக் கறுப்புத் தொப்பிக்காரனை ஒருக்கா பாத்துட்டு வந்திருதேன்.”

“உனக்கு இங்கிலீஷ் புரியாதுண்ணே.”

அஞ்சாம் வகுப்போடு நின்று வேலைக்குப் போனவர். யார் படிக்க வேண்டும் என்பதற்காக நின்றார் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

கஸ்பார் மாடியேறிப் போய்க் குழாயைப் பிடித்தார். அன்று படம் ஒருமுறைகூட ஆடவில்லை.

அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை.

இதில் ஒரு கூத்து உண்டு. இங்கிலீஷ் அன்று இவருக்கும் புரியாது. தமிழ் மீடியம், ஒன்பதாம் வகுப்பு. வாயசைப்பையும் குதிரையையும் பார்த்து, கதையை இவராகவே கட்டி மாடிக்குக் கொண்டுபோனார். அத்தனையும் புளுகு. ஒரு வாரம் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதற்குத்தான் அந்தப் பேச்சு.

நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அதே தொடரை இணையத்தில் தேடிப் பிடித்து, கொண்டுபோய்க் காட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நம்பித்தான் ரயிலேறினார்.

“என்னல பேசுதாங்க?” கஸ்பார் ஜன்னலுக்கும் டிவிக்கும் நடுவே பார்த்துக் கேட்டார்.

இப்போது இவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிகிறது. முப்பது வருஷம் பேங்கில் இங்கிலீஷில் கடிதம் எழுதியவர். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னார். இந்த முறை பொய் கூடாது என்று இருந்தார்.

மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போடுவதில் தகராறு. கறுப்புத் தொப்பிக்காரன் கொள்ளைக்காரனே இல்லை. அரசாங்கத்திலிருந்து நிலம் அளக்க வந்த ஆள்.

கஸ்பார் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி டவுசர் போட்ட காலத்திலிருந்தே அவர் பேச்சில் குறுக்கிட்டதில்லை.

பத்து நிமிஷம் போயிருக்கும். மெல்ல அண்ணன் கை இவருடைய முழங்காலைத் தேடித் தொட்டது.

“அதை அமத்திருல. நீ மாடியில வந்து சொல்லுவியே, அதைச் சொல்லு.”

இவர் ரிமோட்டை அமுக்கினார். குதிரைகள் நின்றன.

வாயைத் திறந்தார்.

“கறுப்புத் தொப்பிக்காரன்...” என்று தொடங்கி நிறுத்தினார்.

நூறு வியாழக்கிழமையாவது புளுகியிருப்பார். ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. சொன்ன கையோடு இறங்கிப் போனவர் அதை எங்கே வைத்திருப்பார்.

“அண்ணே... எனக்கு...”

கஸ்பார் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கறுப்புத் தொப்பிக்காரன் ஜெயில் கம்பியை அறுத்துட்டு வெளிய வாரான். வாசல்ல ஷெரீப்பு நிக்காரு. கையில துப்பாக்கி இல்ல. சோறு வச்ச தூக்குச்சட்டி இருக்கு.”

அடுப்படியிலிருந்து, பல தடவை கேட்ட கதைபோல, மதினியின் குரல் வந்தது. “சாப்ட்டுட்டு ஓடுலங்காரு.”

“ஆமா. சாப்ட்டுட்டு ஓடுலங்காரு.”

கஸ்பார் சொல்லிக்கொண்டே போனார். எங்கும் திக்கவில்லை.

இவர் தலையைக் குனிந்துகொண்டு ‘ம்’ கொட்டினார்.