நிமிஷத்துக்கு ஆறு லிட்டர்

"நிமிஷத்துக்கு ஆறு லிட்டர்தான் வருது. இதுல புது பாய்லர் ஓடாதும்மா," என்றான் பிளம்பர் க்ரெய்க், குழாயடியில் பிடித்த அளவுக் குவளையைப் பார்த்தபடி.

"முப்பது வருஷமா இந்த லட்சணம்தான். ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி முடிச்சு வந்து குளிக்கப் போனா, நூலா வடியும். கத்துவேன். எங்க வீட்டுக்காரர் டெரெக் காதுலயே போட்டுக்க மாட்டார். அந்தச் சோம்பேறி போய்ச் சேர்ந்தும் ரெண்டு மாசமாச்சு," என்றாள் மேவிஸ்.

க்ரெய்க் சிங்க்குக்கு அடியில் தலையை நுழைத்தான்.

"அட, மெயின் வால்வே பாதி மூடியிருக்கு!"

திருகினான். தண்ணீர் சீறியது. வீடெங்கும் குழாய்கள் தடதடவென்று இடித்தன.

வால்வில் கட்டியிருந்த அட்டை அப்போதுதான் கண்ணில் பட்டது. டெரெக்கின் கையெழுத்து.

'முழுசாகத் திறக்காதீர்கள். குழாய் இடிக்கும். மேவிஸ் பகலில் தூங்க வேண்டும்.'

மேவிஸ் அதை இரண்டு முறை படித்தாள்.

"பழையபடி மூடிடவாம்மா?"

"வேண்டாம்ப்பா, இடிக்கட்டும். இப்ப இங்க யாரு தூங்குறா?"