ஓட்டிப் பார்த்துத் தரப்படும்

தெருவில் அவருக்குப் பெயர் பிளேடு மாமா. பாதி தொழிலால் வந்தது, மீதி பேச்சால் வந்தது.

'பழைய ரேசர்கள் பழுது நீக்கி, ஓட்டிப் பார்த்துத் தரப்படும்' என்று அவருடைய கடைப் பலகையில் எழுதியிருக்கும். சும்மா எழுதி வைத்த வாசகம் அல்ல. பழுது தீர்ந்த ரேசரைக் கொண்டுவந்தவரின் கன்னத்திலேயே ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார். அதற்கென்று ஒரு நாற்காலி, கண்ணாடி, சோப்புக் கிண்ணம் எல்லாம் உண்டு. ஒரே ஒரு குறை, மாமாவுக்கு ஆட்களின் முகம் நினைவில் நிற்காது. ரேசர் நிற்கும். பத்து வருடம் கழித்து வருகிறவரிடமும், "நீங்க அந்த வெள்ளிப் பிடிதானே?" என்பார்.

அன்று அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நகைக்கடையில் பெட்டகச் சாவி வைத்திருக்கும் மாப்பிள்ளையை முந்தைய நாள் மாலை போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருந்தது. கடையில் ஒரு தட்டு வைர மோதிரம் காணாமல் போயிருந்தது. காலையில் தன் கடையைத் திறந்ததுமே வந்து நின்ற ஓர் அவசரக்காரருக்கு, மரை தேய்ந்த பித்தளை ரேசர் ஒன்றைச் சரிசெய்து, ஓட்டிப் பார்த்து அனுப்பினார். இரண்டு பிளேடு செலவானது. மனசு எங்கோ இருந்தாலும், அந்தப் பித்தளை வழுக்கிக்கொண்டு போன அழகு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மதியம் மகள் போன் செய்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"அப்பா, எடுத்தது தாடி வெச்ச ஒருத்தனாம். கேமராவுல இருக்கானாம். ஆனா உள்ள இருந்து சாவி குடுத்தது இவர்தான்னு சொல்றாங்க. வெளியில யாரு கூட்டாளின்னு கேட்டே உயிர வாங்குறாங்கப்பா."

"அழாதம்மா. அந்தத் தாடிக்காரன் மட்டும் மாட்டட்டும், எல்லாம் சரியாயிடும்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரில் ஒரு தாடி நின்றது.

ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். கையில் இரட்டைக் கதவு ரேசர். பிடியின் அடியில் இருக்கும் குமிழைத் திருகினால், தலைப்பக்கம் இரண்டு தகடுகள் கதவு மாதிரி திறக்கும் வகை. குமிழ் சுற்றியது, கதவு திறக்கவில்லை.

"எங்க அப்பாவோடது. இன்னைக்கே வேணும், ஆகுமா?"

மாமா அந்தத் தாடியை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "ஆகும் சார், உக்காருங்க."

"இது தாடிய முழுசா எடுக்குமா?"

"பிளேடு புதுசா இருந்தா எடுக்கும்."

"நீங்களே எடுத்தும் விடுவீங்களாமே?"

"போர்டுலயே போட்டிருக்கே சார்."

தாடிக்காரரின் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. நாற்காலி, கண்ணாடி, தரை, மூலையில் இருந்த குப்பைக்கூடை என்று ஒரு சுற்று வந்தது.

"பின்னாடி வழி இருக்கா?"

"இல்ல சார். வரவும் போகவும் இது ஒண்ணுதான்."

"அப்படியா" என்று அவர் தலையாட்டிக்கொண்டார்.

மாமாவுக்கு இனி சந்தேகமே இல்லை. தாடியை எடுத்துவிட்டால் ஆளே மாறிவிடுவான், அப்புறம் மாப்பிள்ளையை யார் காப்பாற்றுவது?

உண்மையில் அது பத்து நிமிட வேலை. பல வருடத்துச் சோப்பு கட்டிதட்டிக் கதவுகளை ஒட்டவைத்திருந்தது. "ஊறணும் சார்" என்று ரேசரை வெந்நீரில் போட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் போய் போலீசுக்குப் போன் போட்டார். "நீங்க தேடுற தாடிக்காரன் என் கடையில உக்காந்திருக்கான். சீக்கிரம் வாங்க" என்று கிசுகிசுத்தார்.

திரும்பி வந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அழுக்கை மெல்ல மெல்லத் தேய்த்தார். வளைந்திருந்த ஒரு கதவைக் குறடால் நிமிர்த்தினார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். இடையிடையே, தன் கைக்கு வந்த ரேசர்களின் வரலாற்றை ஒன்று விடாமல் சொன்னார். தாடிக்காரர் இரண்டு முறை கொட்டாவி விட்டார். பேச்சு என்னும் அந்த பிளேடு முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

முக்கால் மணி நேரத்தில் வாசலில் ஜீப் வந்து நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள்.

"இவன்தான்" என்று மாமா கைநீட்டினார். ராத்திரிக்குள் மாப்பிள்ளை வீடு வந்துவிடுவார், மகள் இன்றாவது ஒரு வாய் சாப்பிடுவாள் என்று நெஞ்சு நிறைந்துபோனது.

போலீஸ்காரர்கள் தாடிக்காரருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்கள்.

தாடிக்காரர் ரேசரை எடுத்துக் குமிழைத் திருகினார். இரண்டு கதவும் பூவாகத் திறந்தன. "நல்லா பண்ணியிருக்கீங்க. நிஜமாவே எங்க அப்பாவோடதுதான்" என்றபடி எழுந்து போய், குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தார்.

தேய்ந்த பிளேடு இரண்டு விழுந்தன. பின்னாலேயே பொத்தென்று விழுந்தது ஒரு முழுத் தாடி.

மாமா காலையில் வந்தவனின் முகத்தை நினைத்துப் பார்த்தார். பித்தளை ரேசர்தான் நினைவுக்கு வந்தது.

"எல்லா சலூன்லயும் ஆள் நிறுத்தியிருந்தோம்" என்றார் தாடிக்கார இன்ஸ்பெக்டர். "இப்படி ஒரு கடை இருக்கிறது எங்களுக்குத் தெரியல, அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எதிர்க்கடை கேமராவுல பார்த்தோம். காலைல இங்க நுழைஞ்ச தாடி வெளிய வரவே இல்ல."

மாமா அவசரமாகக் கடைப் பலகையைக் காட்டினார்.

"வெளியில யாரு கூட்டாளின்னு ராத்திரி பூரா கேட்டோம்" என்றார் இன்ஸ்பெக்டர், ரேசரைப் பையில் போட்டுக்கொண்டே. "கடைசி வரைக்கும் மாமனாரைக் காட்டிக் குடுக்கவே இல்ல, தங்கமான மாப்பிள்ளை."