கத்தும் பெட்டி

மூன்றாவது தடவையும் திரையில் ஒன்றும் வரவில்லை.

அவள் சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டு நான்கு வயர்களையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். சிவப்பு, மின்சாரத்துக்கு. கறுப்பு, எர்த். மஞ்சளில் பேசும். பச்சையில் கேட்கும்.

ஒரு பக்கம் ஜிபிஎஸ் அட்டை. தீப்பெட்டியைவிடச் சிறியது. வானத்தைக் கேட்டு, இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டியது அதன் வேலை. மறுபக்கம் நீல நிற ஆர்டுயினோ போர்டு. அட்டை சொல்வதை வாங்கிக் கணக்குப் போட வேண்டியது இது.

பாம்பனில் செல்போன் ரிப்பேர் கடையில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறாள். தண்ணீரில் விழுந்த போன்களையெல்லாம் எழுப்பி உட்கார வைத்த கை.

இது மட்டும் அசையவில்லை.

வாசற்படியில் உட்கார்ந்து வலைக்கு மிதப்பு கட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் சந்தியாகு தலையை நீட்டினான்.

“என்ன ஜெனிட்டா, பேச மாட்டேங்குதா?”

“வாயே தொறக்கல.”

சொல்லும்போதே கண்ணில் பட்டது. அட்டை பேசும் கம்பியைப் போர்டு பேசும் முனையில் பற்றவைத்திருக்கிறாள். இரண்டும் பேசினால் எது கேட்கும்?

மாற்றி வைத்தாள்.

திரையில் வரிகள் கொட்டத் தொடங்கின. காற்புள்ளி, காற்புள்ளி, காற்புள்ளி. நடுவில் எண்கள்தான் இல்லை.

கான்கிரீட் கூரை. இதற்கு வானம் தெரிய வேண்டும்.

அட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். லேப்டாப்பைத் தாம்பாளம்போல ஏந்திக்கொண்டு அவன் பின்னாலேயே வந்தான். உச்சி வெயில். திரை தெரியவில்லை என்று அவள் கண்ணைச் சுருக்க, அவன் தோள் துண்டை எடுத்துத் திரைக்கு மேல் பிடித்தான்.

பத்து நிமிஷம் அப்படியே நின்றார்கள்.

சின்ன விளக்கு ஒன்று சிமிட்டியது.

“ஒன்பது புள்ளி ரெண்டு எட்டு. எழுபத்தொன்பது புள்ளி ரெண்டு.” அவள் குரல் உயர்ந்தது.

“இது எந்த எடம்?”

“நம்ம வாசல்.”

“நம்ம வாசலக் கண்டுபிடிக்கவா இம்புட்டு நேரம்?”

சிரித்ததில் அட்டை கையிலிருந்து நழுவப் பார்த்தது.

போன வருஷம், மீன் போன பக்கம் சந்தியாகுவின் படகு போனது. கடலில் யார் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்? எல்லை தாண்டியது தெரிந்தபோது பிடிபட்டிருந்தான். அக்கரையில், இலங்கைச் சிறையில் நாற்பத்தொரு நாள். அவன் திரும்பி வந்தான். படகு வரவில்லை, படகிலிருந்த, கத்தத் தெரியாத ஜிபிஎஸ்ஸும் வரவில்லை. இப்போது இன்னொருவர் வள்ளத்தில் சுக்கான் பிடிக்கிறான்.

அந்த நாட்களைப் பற்றி அவள் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

எல்லைக் கோட்டின் புள்ளிகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். கோட்டை நெருங்கினால் பஸ்ஸர் கத்தும். வாசலையே எல்லையாக வைத்துச் சோதித்தபோது பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

போகும் வழியை நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு மெமரி கார்டு எழுதி வைக்கும். அதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் ஒரு பேட்டரியோடு மஞ்சள் டிபன் பாக்ஸில் அடைத்து, மூடி இடுக்கில் பசை தடவிக் கொடுத்தாள். அன்று பிற்பகல் கடலுக்குப் போனான்.

மறுநாள் காலை, மற்ற வள்ளங்களுக்கு முன்னால் வந்துவிட்டான். கூடையில் பாதிக்கும் குறைவாக மீன்.

“கத்துச்சா?”

“கத்துச்சாவா? அந்தக் கத்து! அப்படியே வள்ளத்தத் திருப்பிட்டேன். கூட வந்த ரெண்டு பேரும் ஏசுறாங்க, மீனு பூரா அந்தப் பக்கந்தான் கெடக்குன்னு. நான் கேக்கல.”

“எப்படிக் கத்துச்சு?”

“ஒன்ன மாதிரிதான்.”

கையிலிருந்த துண்டால் அவனை ஒரு அடி அடித்தாள். பெட்டி வேலை செய்ததைக் கடைக்குப் போனதும் முதல் வேலையாக முதலாளியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். சோறு போட்டாள். சாப்பிட்ட கையோடு தூங்கிப்போனான்.

சார்ஜ் போட டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

சிவப்பு வயர் கழன்று கிடந்தது. அலைக் குலுக்கலில் பற்றவைத்த இடம் விட்டிருக்கிறது.

மெமரி கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டாள். நிமிஷத்துக்கு ஒரு வரி. கரை, பாலம், திறந்த கடல். கடைசி வரி மாலை ஐந்து நாற்பது.

எல்லைக்கு அங்கிருந்து இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. மேலே போய் மறுபடி கீழே வந்து பார்த்தாள். இல்லை.

ஐந்து நாற்பதுக்கே உயிர் போன பெட்டி எல்லையில் கத்தியிருக்க முடியாது.

அவன் தன் முகத்தின் மேல் கையைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். காதோரம் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. அவள் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அயர்னைச் சூடேற்றினாள்.

சிவப்பு வயரை இழுத்துப் பற்றவைத்தாள். மேலே இன்னொரு சொட்டு ஈயம். புகை வாடைக்கு அவன் விழித்துக்கொண்டான்.

“என்ன, ரிப்பேரா?”

“இல்ல. சும்மா தொடச்சு வைக்கிறேன்.”

அவன் டிபன் பாக்ஸைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

அவள் நிமிராமல் கேட்டாள். “சத்தம் பத்துதா? இன்னுங் கொஞ்சம் கூட்டி வைக்கவா?”

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

“வேணாம் புள்ள. இதுவே அக்கரை வரைக்கும் கேக்குது.”