தோட்டத்தில் சூதாட்டக் கூடம்

விளக்குக் கம்பத்தில் நகராட்சி கட்டியிருந்த மஞ்சள் அறிவிப்புத் தாளைப் படிக்கப் படிக்க கிளெம்முக்குக் காது சிவந்தது.

“சூதாட்டக் கூடமாம்! நம்ம வெங்காயப் பாத்தி மேலயே கட்டப் போறானாம். ‘லக்கி செவன் கம்பெனி’யாம். எவன்டா அவன்?”

சுற்றி நின்ற தோட்டக்காரர்கள் ஆளுக்கொரு கெட்ட வார்த்தையைப் போட்டார்கள். செங்கல் சூளையிலும் சாரத்திலும் உடம்பைத் தேய்த்து ஓய்ந்தவர்கள். வட இங்கிலாந்தின் அந்த ஊரில் பல்கலைக்கழகத்துக்கு இருந்த வெற்று நிலத்தைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடுகிறவர்கள்.

கிளெம்முக்கு வீடு ஒன்பதாவது மாடியில். ஆயுசெல்லாம் ஊரான் கூரைக்கு ஓடு வேய்ந்தவனுக்குக் கால் ஊன்ற மண் என்று இருந்தது இந்த ஒரு துண்டுதான்.

“நிலம் பல்கலைக்கழகத்துது. அதுல வேற எவனோ எப்படி மனுப் போடுவான்?”

“யார் நிலத்துக்கும் யாரும் கட்டட அனுமதி கேக்கலாம்டா. சொந்தக்காரனுக்குத் தகவல் சொல்லிட்டா போதும். நம்ம சட்டம் அப்படி. அரண்மனை வாசல்ல கோழிக்கூடு கட்ட நீகூடக் கேக்கலாம்” என்றாள் மேவிஸ். பல வருஷம் பப் நடத்தி, குடிகாரர்களையும் போலீஸ்காரர்களையும் ஒரே வாயால் அடக்கியவள்.

நகராட்சியில் பழைய கட்டட மனுக்களைப் புரட்டுவது இப்போது அவளுடைய பொழுதுபோக்கு. “வகுப்பறைக்குன்னு பல்கலைக்கழகம் எடுத்த நிலத்துல எல்லாம் இப்ப கடையும் ஓட்டலும் நிக்குது. அடுத்தது நம்ம இடம்தான், எழுதி வச்சுக்க.”

“அதை அப்புறம் பாக்கலாம். முதல்ல இந்தச் சூதாடிப் பயலை விரட்டணும். இந்தா, எதிர்ப்பு மனுவுல கையெழுத்துப் போடு” என்றான் கிளெம்.

மேவிஸ் பேனாவை வாங்கவில்லை. “வேணாம்பா. நான் போட்டா நல்லாருக்காது.”

“பப் புத்தி போகுமா? கூடம் வந்தா அங்க பீர் ஊத்தப் போவா” என்று யாரோ குத்தினார்கள். அவள் சிரித்துக்கொண்டே களை பிடுங்கப் போனாள்.

உள்ளூர்ப் பத்திரிகை விடவில்லை. ‘பட்டம் வாங்கு, பகடை உருட்டு’ என்று பல்கலைக்கழகத்தின் படத்தோடு கொட்டை எழுத்தில் போட்டது. மறுநாளே பல்கலைக்கழகத்தின் சொத்து மேலாளர் பெல்லமி, பெரிய கேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சேற்றில் பளபளக்கும் ஷூவோடு வந்து நின்றார்.

“கவலையே படாதீங்க. நாங்க உங்க பக்கம். கடுமையா எதிர்த்து எழுதப் போறோம்.”

“சும்மா புடிக்கலைன்னு எழுதினா எடுபடாதுங்கய்யா” என்றாள் மேவிஸ், கேக்கை வெட்டியபடி. “ரோடு, வெள்ளம்னு உறைக்கிற மாதிரி எழுதுங்க.”

“அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்மா.”

தெரிந்துதான் எழுதினார். லக்கி செவன் ஒரே வாரத்தில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கிளெம் விளைவித்த குண்டு வெங்காயத்தை ஏந்திக்கொண்டு பெல்லமி பத்திரிகைக்குப் பல்லைக் காட்டினார்.

வசந்தம் போய் இலையுதிர் காலம் வந்ததும் அதே கம்பத்தில் இன்னொரு மஞ்சள் தாள் ஏறியது. இந்தத் தடவை ஓட்டல். மனுதாரர், பல்கலைக்கழகம்.

கிளெம் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். “அவன் கேக்கைத் தின்ன வாயை வச்சுக்கிட்டு இப்ப என்னத்தடி சொல்றது?”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். கூட்டத்துக்கு மட்டும் வா.”

நகராட்சி அனுமதிக் குழுவின் கூட்டத்தில் பேசுகிறவருக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். முதலில் பெல்லமி எழுந்தார். சாலை தாராளம், பக்கத்து ஓடை சாது, ஊருக்கு ஓட்டல் அவசியம் என்று முடித்துக் கழுத்துப் பட்டையைத் தடவிக்கொண்டார்.

மேவிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளைப் படித்தாள். “இந்தச் சந்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் ஒதுங்க முடியாது. ஓடை ஒவ்வொரு குளிர்காலத்திலும் கரை மீறுகிறது. எந்த வணிகக் கட்டடமும் இங்கே ஒருநாளும் பொருந்தாது. இந்தத் தோட்டங்களே ஊருக்கு மிஞ்சியிருக்கும் மூச்சு.”

“நல்லா எழுதியிருக்கீங்களே!” என்றார் குழுவின் தலைவி.

“நான் எழுதலீங்க. சூதாட்டக் கூடத்தை எதிர்த்து பல்கலைக்கழகம் எழுதினது. உங்க நகராட்சிப் பதிவுலதான் இருக்கு. கீழே பெல்லமி ஐயா கையெழுத்து.”

தலைவி பெல்லமியின் பக்கம் திரும்பினார். “வசந்தத்துக்கும் இப்பவுக்கும் நடுவுல ரோடு பெருத்துடுச்சுங்களா?”

அவையே குலுங்கியது. பெல்லமி எதிரே இருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். குழு கை தூக்கியது. ஓட்டலுக்கு அனுமதி இல்லை. கிளெம் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான்.

வெளியே தாழ்வாரத்தில் பெல்லமி மேவிஸை மடக்கினார். முகம் பீட்ரூட்டாக இருந்தது.

“அந்த லக்கி செவன்காரன் மட்டும் வராம இருந்திருந்தா அந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கவே மாட்டேன். கம்பெனின்னு பேரு, ஆபீசும் கிடையாது, ஆளும் கிடையாது. எவன்னு மட்டும் தெரியட்டும், கழுத்தை நெரிக்கிறேன்!”

மேவிஸ் தன் கழுத்தில் சுற்றியிருந்த மப்ளரை மெதுவாக அவிழ்த்தாள்.

“பாத்து நெரிங்கய்யா, எனக்குச் சுளுக்கு.”